ஆண்டறிக்கை: ஆறியதா, ஆறவில்லையா?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அண்ணாச்சிமார்களே, வணக்கம்.

பாளையங்கோட்டையில் கூடும் நம் மின்பணி ஓய்வூழியர் சங்கத்தின் கடந்த ஆண்டு அறிக்கையை வாசிக்கிறேன். ஐப்பசி மழையில் ஒரு கூட்டம் நின்றுபோனது, மற்றவை நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் சொல்வார். சந்தா பாக்கி உள்ளவர்கள் அந்நேரம் பார்த்து டீக்கடைக்குப் போக வேண்டாம்.

இந்த ஆண்டு அதிகம் பேசப்பட்டது ஆடிக் கூட்டம்தான். காற்றுக்குத் தென்னமட்டை விழுந்து 11 கேவி ஃபீடர் லைன் ட்ரிப் ஆகும், அதாவது பிரேக்கர் தானே திறந்து மின்சாரத்தை வெட்டிவிடும் மாதம். "உடனே திருப்பிப் போடலாமா, காண்டாக்ட் ஆற வேண்டாமா?" என்று ஓர் அண்ணாச்சி கேட்டார். சரி, பார்த்துவிடுவோம் என்று, பிரேக்கரில் மின்சாரத்தை வெட்டும் பாகமான வேக்குவம் பாட்டிலில், கழித்துப்போட்டது ஒன்றை லேத்தில் அறுத்து அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவந்தோம்.

உள்ளே, தொட்டால் மின்சாரம் ஓடும் இரண்டு காண்டாக்ட்கள்: செம்பும் குரோமியமும் கலந்த வட்ட முகங்கள், அவை விலகும்போது நடுவே எரியும் மின்பொறியான ஆர்க்கை ஒரே இடத்தில் நிற்கவிடாமல் ஓட்டும் சுருள் வெட்டுகளோடு. பாட்டிலுக்குள் காற்றும் இல்லை, எண்ணெயும் இல்லை. ஆர்க் எரிய வேண்டிய ஆவியை அந்த முகங்களே உருகித் தருகின்றன. 10 மில்லிநொடிக்கு ஒருமுறை மின்னோட்டம் பூஜ்யத்தைத் தொடுகிறதல்லவா, ஆர்க் அணைவது அங்கேதான். மிஞ்சிய அயனிகள் மைக்ரோநொடிக் கணக்கில் கலைந்துவிடும். உருகிய முகம் அவ்வளவு சீக்கிரம் ஆறாது. அதிலிருந்து ஆவி அடர்த்தியாக வந்துகொண்டிருக்கும்போது இடைவெளியில் மின்னழுத்தம் ஏறினால் ஆர்க் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

விசிறக் காற்றில்லாத இடத்தில் எப்படி ஆறுகிறது? உடன்குடிப் பக்கம் கருப்பட்டிப் பாகைச் சிரட்டையில் ஊற்றினால் மேலே ஆடை கட்டிவிடும், சூடு உள்ளே கிடக்கும். இங்கே நேர்மாறு. உருகியது மேல்தோல் மட்டும். அடியில் கிடக்கும் உலோகம் அந்தச் சூட்டை இழுத்துக்கொள்கிறது. சுத்தச் செம்பானால் 10 மில்லிநொடியில் சூடு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் உள்ளே இறங்கிவிடும். 1500 டிகிரி அளவில் இருக்கும் செம்பு இருநூறு டிகிரி இறங்கினாலே அதன் ஆவியழுத்தம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். முழுக்கக் குளிரத் தேவையில்லை, அந்த இறக்கமே போதும்.

இவ்வளவு சீக்கிரம் ஆறுவதால்தான், தானாகத் திருப்பிப் போடும் பிரேக்கர்களுக்கான சோதனை வரிசையை இந்தப் பாட்டில் தாங்குகிறது: திற, 0.3 நொடி, மூடித் திற, 3 நிமிடம், மூடித் திற. கரி படிந்த எண்ணெய் பிரேக்கரோடு வாழ்ந்தவர்களுக்கு அந்த 0.3 நொடி நம்ப முடியாததுதான்.

கேட்ட அண்ணாச்சி கடைசிவரை இறங்கிவரவில்லை. "நான் மூணு நிமிஷம் நின்னுதான் போடுவேன்" என்றார். நிற்கட்டும். பாட்டிலுக்காக இல்லை, மட்டை விழுந்த லைனில் யாராவது கை வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பதற்காக.

அறுத்த பாட்டிலின் கீழ்ப்பாதி மேசைமேல் இருக்கிறது. மேல் காண்டாக்டைப் பேரனிடம் காட்ட எடுத்துப்போனவர் அடுத்த கூட்டத்துக்குள் கொண்டுவந்து தர வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்