எந்தப் பக்கம் என்பதற்கு முன்னால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஈழப்போர் நாவல்கள் பற்றிய கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். உழைத்து எழுதிய கட்டுரை. எழுதியவருக்கு என் நன்றி. ஆனால் அதில் பேசப்பட்ட அத்தனை நாவல்களுக்கும் ஒரே விசாரணைதான் நடந்திருக்கிறது. எழுதியவர் விடுதலைப் புலிகள் இயக்கத்துக்கு ஆதரவானவரா, எதிரானவரா? போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு வந்த புத்தகங்களை நம்மில் பெரும்பாலோர் இந்தக் கேள்வியோடுதான் கையில் எடுக்கிறோம். விடை கிடைத்ததும் மூடி வைத்துவிடுகிறோம். உள்ளே ஒரு குடும்பம் எதைச் சமைத்தது, எங்கே படுத்தது, எதை விட்டுவிட்டு ஓடியது என்பதெல்லாம் பின்னணி என்று ஒதுக்கப்படுகிறது. என்னைக் கேட்டால், கதையே அதுதான்.

நான் யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் படித்த பிள்ளைகள் எந்த வெளிச்சத்தில் படித்தார்கள் என்று இன்று இருபது வயதில் இருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், தெரியாது. ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், சைக்கிள் வால்வுக்குள் செருகிய திரி. போத்தலின் கண்ணாடியே காற்றைத் தடுத்துக்கொள்ளும். சிக்கன விளக்கு என்போம். அதைச் சுற்றி நான்கு தலைகள் குனிந்திருக்கும், உயர்தரப் பரீட்சைக்கு. செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றுவார்கள். டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் பிபிசி தமிழோசை பேசும். சுற்றுகிறவன் களைத்தால் செய்தியும் தேய்ந்துபோகும்.

ஒரு நாவலாசிரியர் அந்த விளக்கை ஒழுங்காக ஏற்றிக் காட்டினால் போதும். மின்சாரம் இல்லை, எண்ணெய் கிடைப்பது அரிது, வானத்தில் குண்டு போடும் பொம்மர் விமானம், அப்படியும் பரீட்சை நடந்தது, தன் பிள்ளை பல்கலைக்கழகம் போக வேண்டும் என்று ஒரு தாய் விழித்திருந்தாள் என்பதெல்லாம் அதற்குள் வந்துவிடும். தடையை விதித்தது யார், அதற்குள் வாழ்ந்தவர்கள் யார் என்று தனியாக ஓர் அத்தியாயம் எழுத வேண்டியதில்லை.

அதேபோல அந்தப் பை. எல்லா வீட்டிலும் கதவுக்கருகில் ஒன்று இருந்தது. காணி உறுதி என்கிற நிலப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டை, பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகள், எல்லாம் பொலித்தீன் உறைக்குள். ஷெல் விழத் தொடங்கினால் குழந்தையையும் அந்தப் பையையும்தான் முதலில் தூக்குவார்கள். நகையை மறந்தவர்கள் உண்டு. உறுதியை மறந்தவர்களை நான் பார்த்ததில்லை. போர் முடிந்து இத்தனை வருடங்களுக்குப் பிறகும் காணிக்காக வடக்கில் மக்கள் வீதியில் இருப்பதை விளங்கிக்கொள்ள எனக்கு அந்தப் பை போதும். இதை எந்தத் தளபதியின் வரலாறும் சொல்லித் தராது.

கட்டுரையாளர் 'முறிந்த பனை'யை ஒரு வரியில் கடந்துவிட்டார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நால்வர் போரைப் பற்றி எழுதிய நூல் அது. அவர்களுள் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டம்பரில் சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அந்நூலின் அரசியல் ஆய்வோடு உடன்படாதவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். இருக்கட்டும். இந்திய அமைதிப்படைக் காலத்தில் பெண்கள் பட்ட பாட்டைப் பெண்களிடமே கேட்டு ராஜினி எழுதிய பக்கங்களைப் படித்துவிட்டு, எந்த அணியைச் சேர்ந்தவரும் அசையாமல் இருக்க முடியாது. தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்' நாவல் வந்தபோதும் முதலில் அவர் யார், எங்கே இருந்தார், இப்போது என்ன பேசுகிறார் என்றுதான் சண்டை நடந்தது. வன்னிக்குள் ஊர் ஊராக இடம்பெயர்ந்துகொண்டே இருக்கும் ஒரு குடும்பம் ஒவ்வொரு இடத்திலும் தறப்பாள் கட்டி, பங்கர் வெட்டி, உலை வைப்பதைப் பற்றிப் பேசியவர்கள் மிகக் குறைவு. வன்னியில் இறுதி மாதங்களில் பெண்கள் தங்கள் சேலைகளைக் கிழித்து மண்மூடை தைத்தார்கள். கூறைச்சேலைகளும் அதில் போயின. இதைவிடப் பெரிய போர்க்காட்சி வேறு என்ன வேண்டும்?

இப்படி வீட்டையும் அடுப்பையும் எழுதுவது அரசியலிலிருந்து நழுவுவது என்று கட்டுரையின் கடைசியில் ஒரு குற்றச்சாட்டு வருகிறது. எனக்கு இதில் கடுமையான மறுப்பு உண்டு. அக்டோபர் 30 என்ற தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1995இல் அந்த நாளில், இராணுவம் முன்னேறி வந்தபோது, யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து லட்சக்கணக்கானவர்கள் மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனார்கள். அதைப் பற்றி நம்மிடம் கவிதை இருக்கிறது, கதை இருக்கிறது, ஆண்டுதோறும் நினைவுகூரலும் இருக்கிறது. அதற்குச் சரியாக ஐந்து வருடம் முன்பு, 1990 அக்டோபர் 30 அன்று, யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குப் புலிகள் இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். பணத்தையும் நகையையும் பறிகொடுத்து, உடுத்த உடையோடு வெளியேறியவர்கள் புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களில் பிள்ளை வளர்த்தார்கள். அந்த அடுப்பைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரியும்? பக்கம் பார்த்து எழுதுகிறவருக்கு இந்த இரண்டு நாட்களில் ஒன்று சங்கடமாக இருக்கும். தன் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட பெண்ணைப் பற்றி எழுதுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். அவளை உண்மையாக எழுதினாலே தீர்ப்பும் கூடவே வரும்.

சாதாரண மக்கள் என்று சொல்லும்போதுகூட நாம் நம் ஊரவரைத்தான் நினைக்கிறோம். சயந்தனின் 'ஆதிரை' நாவல் எனக்குப் பிடித்ததற்கு முக்கியக் காரணம், மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர்களை அது கதையின் நடுவில் வைத்தது. எல்லைக் கிராமத்துச் சிங்களக் குடும்பங்களும் இரவில் காட்டுக்குள் போய்ப் படுத்தார்கள். 1987 முதல் 1989 வரை ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் தெற்கில் காணாமல்போன பிள்ளைகளின் தாய்மாரும் நம் தாய்மாரைப் போலவே புகைப்படத்தோடு அலைந்தார்கள். அவர்களைப் பற்றிய சிங்கள எழுத்துகள் தமிழில் இன்னும் நிறைய வர வேண்டும்.

எல்லா வீட்டுக் கதையும் நல்ல புத்தகமாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. பக்கத்துக்குப் பக்கம் சடலங்களை அடுக்கி, வாசகரை அழ வைத்தால் போதும் என்று எழுதப்பட்ட நாவல்களையும் படித்துச் சலித்திருக்கிறேன். அவற்றில் ஒருவர்கூடப் பல் துலக்குவதில்லை, கடனுக்குச் சண்டை போடுவதில்லை, சிரிப்பதில்லை. பங்கருக்குள்ளும் நாங்கள் சிரித்தோம், ஐயா. சீட்டு விளையாடினோம், கல்யாணம் பேசினோம், சீதனத்துக்காக முறைத்துக்கொண்டோம். சாதியும் பங்கருக்குள் வந்தது, கிணற்றடிக்கும் வந்தது. அதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்து ஒரு சிறப்பிதழ் கொண்டுவந்தால் பெயர்பெற்ற எழுத்தாளர்களிடம் மட்டும் கேட்காதீர்கள். கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர், மருத்துவமாதுகள், யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் இடையிலான கிளாலிக் கடலில் இரவில் படகோட்டியவர்கள், நிவாரணக் கூப்பன் எழுதிய கிராம அலுவலர்கள் எல்லோரும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். எழுத வராதென்றால் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதலாம். எழுபதைத் தாண்டியவர்களிடமிருந்து தொடங்குங்கள். காத்திருக்க அவர்களுக்கு நேரமில்லை. பழைய கடிதங்கள், கூப்பன் மட்டைகள், நாட்குறிப்புகள் வைத்திருப்பவர்கள் அவற்றை எறிந்துவிட வேண்டாம் என்று ஒரு அறிவிப்பும் போடுங்கள். நூலகம் நிறுவனத்தினர் இத்தகைய ஆவணங்களை மின்வடிவமாக்கிப் பாதுகாத்துவருகிறார்கள். அவர்களோடு சேர்ந்தும் இதைச் செய்யலாம். என் ஊரில் கேட்டு எழுதித் தர ஆள் தேவைப்பட்டால் நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
யாழ்ப்பாணம்