முன்பக்கச் சத்தமும் ஒருபக்கம் தேயும் டயரும்: பிக்கப் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு லோடு ஏற்றி வரும் பிக்கப்புகளும், அங்கிருந்து பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகக் கேரளத்துக்குப் போய்த் திரும்பும் பிக்கப்புகளுமே எங்கள் பட்டறை வேலையில் பெரும்பங்கு. அவற்றின் உரிமையாளர்கள் பலர் அண்மைக் காலமாக ஒரே வேண்டுகோளோடு வருகிறார்கள்: "முன் டயர் ஒருபக்கமாகத் தேய்கிறது, அலைன்மென்ட் மட்டும் எடுத்துக் கொடுங்கள், லோடு காத்திருக்கிறது." நாங்களோ, சக்கரங்களின் கோணத்தையும் திசையையும் அளந்து சரிசெய்யும் அந்த அலைன்மென்டுக்கு முன்பே வண்டியைத் தூக்கி, முன்பக்க மூட்டுகளை ஒவ்வொன்றாகச் சோதிக்க ஒன்றரை மணி நேரம் கேட்கிறோம். எங்கேனும் ஆட்டம், அதாவது தளர்வு, இருந்தால், அதைச் சரிசெய்யாமல் அலைன்மென்ட் எடுக்கவும் மறுக்கிறோம். இது சிலருக்கு வருத்தத்தைத் தந்திருக்கிறது. ஒரு நடை லோடு தவறினால் என்ன இழப்பு என்பது எங்களுக்குத் தெரியும் என்பதால், காரணத்தை விரிவாக எழுதக் கடமைப்பட்டிருக்கிறோம்.

700 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு டயர் திசை திரும்பி, அதன் முன் விளிம்பு பின் விளிம்பைவிட வெறும் 3 மில்லிமீட்டர் பக்கவாட்டில் விலகி நின்றால், வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் அந்த டயர் நான்கு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் இழுபடுகிறது. நூறு கிலோமீட்டர் ஓடினால் 400 மீட்டருக்கும் அதிகமான தொலைவுக்கு ரப்பரைத் தார்ச்சாலையில் வைத்து அரம் போட்டதற்குச் சமம். இந்த 3 மில்லிமீட்டர் விலகல் வெறும் கண்ணுக்குத் தெரியாது. டை ராட் எண்ட் (ஸ்டியரிங் கம்பியின் முனை மூட்டு), பால் ஜாயிண்ட் (சக்கரப் பகுதியை ஆர்மோடு இணைக்கும் உருண்டை மூட்டு), ஆர்ம் புஷ் (ஆர்ம் என்ற தாங்கு கை வண்டியோடு சேருமிடத்தில் உள்ள ரப்பர்), வீல் பேரிங் (சக்கரம் சுழலும் தாங்கி) ஆகியவைதாம் சக்கரத்தை அதன் திசையில் பிடித்து வைத்திருப்பவை என்பதால், அவற்றில் இரண்டு மூன்றில் சிறிது சிறிதாக ஆட்டம் விழுந்தாலே அந்த விலகல் தானாக வந்துவிடும்.

அலைன்மென்ட் மேடையில் வண்டி அசையாமல் நிற்கிறது. தளர்ந்த மூட்டும் அப்போது ஏதோ ஓரிடத்தில் ஓய்ந்து நிற்பதால், திரையில் எல்லா எண்களும் சரியாகவே காட்டும். வண்டி சாலையில் இறங்கி, ஓட்டுநர் முதல் பிரேக்கை அழுத்தியதும் அந்த மூட்டு வேறிடத்துக்கு நகர்கிறது. மேடையில் வைத்த அளவு அங்கேயே பொய்யாகிவிடுகிறது. ஆட்டம் உள்ள வண்டிக்கு அலைன்மென்ட் எடுத்துப் பணம் வாங்குவது எங்கள் மனத்துக்கு ஒப்பாததற்கு இதுவே காரணம்.

முருங்கைக்காய் லோடு ஓட்டும் வாடிக்கையாளர் ஒருவர், வேறோரிடத்தில் ஆறு மாதத்துக்குள் இரண்டு முறை அலைன்மென்ட் எடுத்து, முன்பக்கம் இரண்டு புது டயர்களும் மாற்றிய பிறகு எங்களிடம் வந்தார். இடப்பக்க டயரின் உள்விளிம்பு மட்டும் மீண்டும் மொட்டையாகியிருந்தது. அவர் சென்ற இடத்திலும் சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்திருக்கிறார்கள், ஆட்டம் இல்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஜாக்கியை வைத்தது வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்கு அடியில். இசுசு டி-மேக்ஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போல, முன்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம்கள் இருந்து, சுருள் ஸ்பிரிங்கின் விசை கீழ் ஆர்மின் மேல் விழும் அமைப்பில், வண்டியின் சுமையைத் தாங்குவது கீழ் பால் ஜாயிண்ட். அத்தகைய வண்டியைச் சேஸிஸில் தூக்கினால், ஸ்பிரிங் ஆர்மைக் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டே இருப்பதால் பால் ஜாயிண்ட் இறுகியே நிற்கக்கூடும். உள்ளே எவ்வளவு தேய்ந்திருந்தாலும் கைக்கு எட்டாது. கீழ் ஆர்முக்கு அடியில், பால் ஜாயிண்டுக்கு இயன்ற அளவு அருகில் ஜாக்கியை வைத்துத் தூக்கி, டயருக்கு அடியில் ஒரு கம்பியைக் கொடுத்து நெம்பியபோது, அந்த வாடிக்கையாளரே குனிந்து நின்று ஆட்டத்தைப் பார்த்தார். அவர் செலவழித்த இரண்டு புது டயர்களின் பணத்தை எங்களால் திருப்பித் தர முடியவில்லை என்பது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

முன்பக்கமும் பட்டை ஸ்பிரிங்கும், சக்கரம் திரும்புவதற்கான அச்சாணியான கிங் பின்னும் உள்ள வண்டிகளில் ஜாக்கி ஆக்ஸிலுக்கு அடியில் வரவேண்டும். சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டும்போது அசைவு தெரிந்தால், அது பேரிங்கிலிருந்தா, கிங் பின்னிலிருந்தா என்ற கேள்வி எழும். உதவியாள் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மீண்டும் ஆட்டிப் பார்ப்போம். பிரேக் பிடித்ததும் அசைவு மறைந்தால் குற்றம் பேரிங்கில். பிரேக் பிடித்த பின்னும் அசைவு நீடித்தால் கிங் பின்னில், அல்லது ஆர்ம் வகை வண்டியாக இருந்தால் பால் ஜாயிண்டில். இடமும் வலமுமாகக் கை வைத்து ஆட்டும்போது மட்டும் அசைந்தால் டை ராட் எண்டைப் பார்க்க வேண்டும். கிங் பின்னுக்குக் கிரீஸ் அடிக்கும்போது சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு அடிக்கச் சொல்வதும் இதை ஒட்டியதே; வண்டியின் எடை அழுத்திக்கொண்டிருக்கும் பக்கத்துக்குக் கிரீஸ் சரியாகப் போய்ச் சேராது.

சத்தத்தைப் பற்றிச் சொல்லும்போது எங்கள் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். வேகம் கூடக்கூட முன்பக்கம் விமானம் போல் இரைகிறது என்று வந்த ஒரு பிக்கப்பில், ஓட்டிப் பார்த்த உடனே வீல் பேரிங் என்று முடிவுசெய்து இரண்டு பக்கமும் மாற்றினோம். இரைச்சல் அப்படியே இருந்தது. பிறகுதான் டயரின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினோம்; பட்டன்கள், அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டைகள், குழியும் மேடுமாகத் தேய்ந்திருந்தன, ஷாக் அப்சார்பர் இரண்டும் செத்திருந்தன. துள்ளும் சக்கரம் தரையை விட்டு விட்டுத் தொடுவதால் டயர் அப்படிக் குழிவிழுகிறது, குழிவிழுந்த டயர் பேரிங்கைப் போலவே இரைகிறது. பேரிங் வேலைக்கான கூலியைத் திருப்பிக் கொடுத்தோம். அன்று முதல் இரைச்சல் என்று வரும் எந்த வண்டியிலும், பேரிங்கில் கை வைப்பதற்கு முன்னால் முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்க்கிறோம். இரைச்சல் பின்பக்கம் போய்விட்டால் அது டயர். இடம் மாறாமல் முன்பக்கமே நின்று, வளைவில் வலப்புறம் திரும்பும்போது கூடி, இடப்புறம் திரும்பும்போது குறைந்தால், எடை சாயும் இடப்பக்கப் பேரிங்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தார்ச்சாலையிலிருந்து கான்கிரீட் சாலைக்கு ஏறியதும் ஒலி மாறினால், அதுவும் பெரும்பாலும் டயரின் குரலே.

மற்றச் சத்தங்கள் இவ்வளவு ஏமாற்றுவதில்லை. மெதுவாகச் செல்லும்போது சிறு குழிகளில் கடகடவென்று வருவது பெரும்பாலும், வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் லிங்கோ அதன் புஷ்ஷோ ஆகும். பிரேக் போடும்போதோ வண்டியைக் கிளப்பும்போதோ 'டக்' என்று ஒரே ஒரு முறை கேட்டால், ஆர்ம் புஷ், பட்டை ஸ்பிரிங்கின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளின் புஷ், பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட் ஆகியவற்றைப் பார்ப்போம். கீச்சொலி கேட்டால் புஷ்ஷின் மேல் எஞ்சின் ஆயிலை ஊற்றும் வழக்கம் நம் பகுதியில் இருக்கிறது; தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எண்ணெய் பட்ட ரப்பர் ஊதி இளகிவிடும். சத்தம் இரண்டு நாள் அடங்கியிருக்கும், புஷ் அதற்குப் பின் நெடுநாள் தாங்காது. புது புஷ் மாற்றும்போதும் ஒரு கவனம் வேண்டும். ஆர்ம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை முழுமையாக முறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி முறுக்கு கொடுப்பதால்தான் அந்த வேலை எங்களிடம் சிறிது நேரம் பிடிக்கிறது.

டயர் தேய்ந்திருக்கும் விதத்தை வாடிக்கையாளர்களே படித்துவிட முடியும். நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரு ஓரங்களும் தேய்ந்து நடு நின்றால் காற்றுக் குறைவு, அல்லது அளவுக்கு மீறிய லோடு. ஓர் ஓரம் மட்டும் வழவழவென்று தேய்ந்தால் சக்கரம் சாய்ந்து நிற்கிறது. பட்டன்களின் குறுக்கே கையால் தடவும்போது ஒரு திசையில் மென்மையாகவும் எதிர்த்திசையில் ரம்பம் போலவும் இருந்தால், சக்கரம் திசை விலகி இழுபடுகிறது என்று பொருள். உள்ளிருந்து வெளியே தடவும்போது கூர் உறுத்தினால் சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கின்றன, வெளியிலிருந்து உள்ளே தடவும்போது உறுத்தினால் வெளிநோக்கி. ஆனால் பழனியிலிருந்து கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறி, மன்னவனூர், பூம்பாறைப் பக்கம் கேரட்டும் பூண்டும் எடுக்கப் போகும் வண்டிகளுக்கு இதில் ஒரு விலக்கு உண்டு. கொண்டை ஊசி வளைவுகளிலேயே நாள் முழுவதும் திரும்பும் வண்டியில், எல்லா அளவும் சரியாக இருந்தாலும் முன் டயர்களின் வெளி ஓரம் கொஞ்சம் கூடுதலாகவே தேயும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் அப்படித் தேய்ந்திருந்தால், உரிய காலத்தில் டயர்களை மாற்றிப் போட்டால் போதும் என்று சொல்லி அனுப்பிவிடுவோம். இல்லாத நோய்க்கு மருந்து எழுத மாட்டோம்.

காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். ஓடிச் சூடான டயர் கூடுதல் அழுத்தம் காட்டும் என்பதால், அப்போது காற்றை இறக்கினால் மறுநாள் குறைந்துபோயிருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம். உங்கள் வண்டிக்கு எவ்வளவு வேண்டும் என்பது வண்டியோடு வந்த கையேட்டிலோ ஓட்டுநர் கதவுத் தூணிலோ இருக்கும். பட்டனின் ஆழம் எந்த ஓரத்திலாவது 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால், மீதிப் பகுதி எவ்வளவு நன்றாக இருந்தாலும் மழையில் அந்த டயரை நம்பாதீர்கள்.

அடுத்த முறை இந்தக் குறையோடு வரும்போது, முடிந்தால் வண்டியைக் காலியாகக் கொண்டு வாருங்கள், அதை வழக்கமாக ஓட்டுபவரையும் உடன் அழைத்து வாருங்கள். சத்தம் பிரேக்கிலா, வளைவிலா, எந்த வேகத்தில் என்பதை அவர் ஐந்து நிமிடம் சொன்னால் எங்கள் அரை மணி நேரம் மிச்சம். எந்த மூட்டில் ஆட்டம் என்று சொல்கிறோமோ, அதை உங்கள் கையாலேயே ஆட்டிப் பார்த்த பிறகுதான் கழற்றுவோம். கழற்றிய பழைய பொருளையும் உங்களிடமே கொடுத்துவிடுவோம். முக்கியமாக, தேய்ந்த டயரை மாற்றிவிட்டு வராதீர்கள். அதை எந்தச் சக்கரத்தில் ஓடியதோ அதே சக்கரத்தில், வெளிப்பக்கம் வெளிப்பக்கமாகவே இருக்கும்படி அப்படியே கொண்டு வாருங்கள்; எங்களுக்கு வேண்டிய சாட்சி அதில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் பட்டறையினர்