கேமராவின் கணக்கைப் பாலிசியில் எழுதுங்கள்

சரக்கு வாகனங்களுக்குக் காப்பீடு வழங்கும் நிறுவனங்களுக்கு,

வணக்கம்.

வண்டியின் முன்கண்ணாடி அருகே டேஷ் கேம் என்ற கேமரா வையுங்கள், வண்டி ஓடும் விதத்தைப் பதிவுசெய்து அனுப்பும் டெலிமேடிக்ஸ் கருவி போடுங்கள், பிரீமியம் குறையும் என்று லாரித் தொழிலில் இருக்கும் எங்களிடம் நீங்கள் சொல்லி வருகிறீர்கள். வைத்தோம். கருவிக்கும் மாதச் சந்தாவுக்கும் நாங்கள்தான் பணம் கட்டுகிறோம். வண்டி என்ன வேகத்தில் போனது, எத்தனை முறை சடன் பிரேக் போட்டது, இரவில் எவ்வளவு நேரம் ஓடியது, எல்லாம் பதிவாகிறது. அந்தப் பதிவு பிரீமியத்தை எப்படி மாற்றும் என்று சொல்லும் ஒரு வரி மட்டும் என் பாலிசியில் இல்லை. புதுப்பிக்கும்போது ஒரு தொகை வருகிறது. ஏன் குறையவில்லை என்று கேட்டால், மொத்த ரிஸ்க்கையும் பார்த்து முடிவு செய்தோம் என்று பதில் வருகிறது. அந்தக் கணக்கை எழுத்தில் கொடுங்கள். இந்த மடலில் நான் கேட்பது அதைத்தான்.

இதனால் அதிகம் அடிபடுவது சிறிய ஓனர்கள். நூற்றுக்கணக்கான வண்டி ஓட்டும் நிறுவனத்தின் சில ஆண்டுக் கிளைம் கணக்கைப் பார்த்தாலே அவர்கள் ஓட்டும் லட்சணம் தெரிந்துவிடும். ஐந்தாறு வண்டி வைத்திருப்பவர் விஷயம் அப்படியல்ல. அவருடைய டிரைவர்கள் தாறுமாறாக ஓட்டியும் மூன்று ஆண்டுகள் தப்பித்திருக்கலாம்; நிதானமாக ஓட்டியும் எதிரே வந்தவன் செய்த தவறால் ஒரு பெரிய விபத்தில் மாட்டியிருக்கலாம். அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் கிளைம் வரலாறு சொல்வது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தை. இது ரிஸ்க்கைக் கணக்கிட்டுப் பிரீமியம் போடும் உங்கள் ஆக்சுவரிகளுக்கு நன்றாகவே தெரியும். அன்றாடம் பதிவாகும் ஓட்டுமுறை அந்த இடத்தில்தான் உண்மையிலேயே உதவும். ஆனால் அந்தத் தரவைக் காட்டிப் பேரம் பேசும் பலம் பெரிய நிறுவனங்களுக்குத்தான் இருக்கிறது. 1998இலேயே அமெரிக்காவின் டெக்சாஸில் புரோகிரஸிவ் என்ற காப்பீட்டு நிறுவனம் கார்களில் ஜிபிஎஸ் பொருத்தி, ஓட்டும் அளவைப் பார்த்துப் பிரீமியம் வாங்கும் சோதனையைத் தொடங்கியது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் நாலு லாரி வைத்திருக்கும் ஒருவர் தன் கணக்கைத் தானே போட்டுப் பார்க்க முடியவில்லை என்பது நியாயமா?

கணக்கை வெளியிடும்போது சடன் பிரேக்கை எப்படி எண்ணுகிறீர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். குறுக்கே ஓடிவந்த குழந்தைக்காகப் போட்ட பிரேக்கும், போனைப் பார்த்துக்கொண்டே போய்க் கடைசி நொடியில் போட்ட பிரேக்கும் கருவியின் சென்சாருக்கு ஒன்றுதான். முதல் டிரைவர் உங்களுக்கு ஒரு பெரிய கிளைமை மிச்சப்படுத்தியவர். அவருக்கும் கருவி போடும் மதிப்பெண் குறைகிறது. வீடியோ கையில் இருக்கும்போது அதைப் பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொள்வது சரியல்ல. நகரத்துக்குள் வீடு வீடாகச் சரக்கு இறக்கும் வேனையும் நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓடும் டிரெய்லரையும் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை பிரேக் என்று ஒப்பிட்டால் வேன் டிரைவர் என்றைக்கும் தோற்பார். லோடு ஏற்றிய வண்டி ஒரு மாதிரி நிற்கும், காலி வண்டி வேறு மாதிரி நிற்கும். டேங்கரில் திரவம் முன்னும் பின்னும் மோதும். அதை ஓட்டுபவரின் பழக்கமே வேறு. போதாததற்கு, எவ்வளவு வேகமாக நின்றால் அது 'சடன்' என்பதை ஒவ்வொரு கருவி நிறுவனமும் தனக்குத் தோன்றியபடி வைத்திருக்கிறது. ஒரு கருவியில் எண்பது வாங்கியவர் இன்னொன்றில் அறுபது வாங்கலாம். அந்த எண்ணை வைத்து எங்களுக்கு விலை போடும் முன் அது எதை அளக்கிறது என்று சொல்லுங்கள்.

கேமராவால் பயன் இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது என்று முழுமனதாக நம்புகிறேன். அமெரிக்காவில் இரண்டு சரக்குப் போக்குவரத்து நிறுவனங்களில் வீடியோக் கண்காணிப்பை வைத்துப் பார்த்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. ஆபத்தான நிகழ்வுகள் ஒன்றில் 37 சதவீதமும் மற்றதில் 52 சதவீதமும் குறைந்தன. அங்கே கேமராவோடு, அந்தக் காட்சிகளை வைத்து டிரைவர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். அந்நாட்டின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் தெளிவாகக் காட்டியது. வண்டிக்குள் எச்சரிக்கை விளக்கு மட்டும் எரிந்த டிரைவர்களிடம் சொல்லும்படியான மாற்றம் வரவில்லை. மேற்பார்வையாளர் உட்கார்ந்து வீடியோவைக் காட்டிப் பேசிய டிரைவர்களிடம் வந்தது. ஆகவே கருவி வாங்கிய பில்லைப் பார்த்துத் தள்ளுபடி கொடுக்காதீர்கள். மாதாமாதம் டிரைவரோடு உட்கார்ந்து பேசியதற்கான பதிவைக் கேளுங்கள். அதற்கு ஆகும் நேரத்துக்கும் செலவுக்கும் ஈடாகப் பிரீமியத்தைக் குறையுங்கள். ஒரு பகுதியை டிரைவர் கைக்கே ஊக்கத்தொகையாகக் கொடுக்கிறோம் என்று நாங்கள் எழுதித் தரத் தயார்.

டிரைவரின் முகத்தைப் பார்க்கும் கேமரா பற்றியும் சொல்ல வேண்டும். பல நேரம் அந்த வண்டிதான் அவர் சாப்பிடும், தூங்கும் இடம். ஒரு நோக்கத்துக்காகச் சேகரித்த தனிநபர் தரவை அதற்குப் பொருந்தாத வேறொன்றுக்குத் திருப்பக் கூடாது என்பது 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை விதி. பாதுகாப்புக்கென்று வாங்கும் காட்சியை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று பாலிசியிலேயே எழுதுங்கள். வண்டி நிற்கும்போது உள்பக்கக் கேமரா அணைந்திருக்கட்டும்.

கடைசியாக, கிளைம். தவறு யாருடையது என்று வீடியோவில் பளிச்சென்று தெரிந்த பிறகும் மாதக்கணக்கில் இழுத்தடிக்கப்படும் கோப்புகள் உண்டு. லாரி பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வாடகை போகிறது, தவணை மட்டும் ஓடுகிறது. இந்தக் கேமராக்கள் பழைய காட்சியின் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும். விபத்துக் காட்சியை உடனே தனியாக எடுத்துவைக்காவிட்டால் அழிந்துவிடும். எத்தனை மணி நேரத்துக்குள் அதை உங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று எங்களுக்குக் கெடு வையுங்கள். எத்தனை நாளில் முடிவு சொல்வோம் என்று உங்களுக்கும் ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். தவறு எங்கள் டிரைவருடையதாக இருந்தாலும் காட்சியைத் தருகிறோம். அடிபட்டவருக்கு இழப்பீடு சீக்கிரம் போய்ச் சேரட்டும்.

இவை எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதிவிடலாம். அடுத்த புதுப்பித்தலுக்கு முன் அந்தப் பக்கத்தை அனுப்புங்கள். என் டிரைவர்களை உட்காரவைத்து வரி வரியாக நானே படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
சில லாரிகளை வைத்துத் தொழில் நடத்தும் ஓர் உரிமையாளர்