கடை வாசலில் கத்தும் மெஷின்

மகன்,

மூன்று கிழமையாகப் போன் எடுத்தால் நீ கதைக்கிறாய் இல்லை என்று அம்மா ஒரே புலம்பல். வேலை கூடவாக இருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

வெள்ளவத்தைக் கடையில் இப்போது வாசலுக்கு இரண்டு பக்கமும் களவு பிடிக்கிற தூண் பூட்டியிருக்கிறார்கள். பூட்ட வந்த பெடியனைக் கேட்டுக் கேட்டுத்தான் விளங்கிக்கொண்டேன். சாமானில் ஒட்டுகிற சின்ன வெள்ளைப் பட்டிக்குள் மெல்லிய உலோகத் தகடும் அதற்குத் துணையாக ஒரு காந்தத் தகடும் இருக்கின்றன. தூண் 58 கிலோஹேர்ட்ஸில் விட்டு விட்டு ஒரு காந்த அலையை அனுப்பும், தகடு அதற்கு அதிரும். அலை நின்ற பிறகும் கொஞ்சம் அதிர்ந்துகொண்டே இருக்கும், பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயில் மணி அடித்து விட்ட பிறகும் முழங்குமே, அந்த மாதிரி. அந்த மிச்ச அதிர்வு கேட்டால்தான் மெஷின் கத்தும். பில் போடும்போது பட்டியை மேசைப் பலகையில் வைத்து அந்தத் துணைத் தகட்டின் காந்தச் சக்தியைப் போக்கிவிட்டால் சுருதி மாறிவிடும், கத்தாது. சரியாக வைக்காவிட்டால் காசு கட்டியவருக்கும் கத்தும். வேறு கடைச் சாமான் பையில் கிடந்தாலும் சிலவேளை கத்தும். அதற்குப் பட்டியைத் தெரியும், ஆளைத் தெரியாது.

போன கிழமை நான் அவசரத்தில் விட்ட பிழைக்கு ஒரு வயதான அம்மா வாசலில் நின்று நடுங்கினா. பில்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றா. நீயும் பில்லை எறியாதே. எந்தக் கடையானாலும் வீட்டுக்கு வந்து சேரும்வரை பில் கையில் இருக்கட்டும்.

பெரியம்மா வீட்டில் ஏதோ கதைத்தார்கள். நான் விசாரிக்கப் போகவில்லை. இந்தத் தெருவில் முதல் ஆளாகக் கம்பஸ் போனவன் நீ, அது எனக்குப் போதும். ஆனால் ஒரு போன் எடுக்க உனக்கு என்ன கஷ்டம்?

நீ ஏ.எல். படித்த காலத்தில் லாச்சியில் 500 ரூபாவைக் காணவில்லை என்று உன் புத்தகப் பையை நடு வீட்டில் கொட்டினேனே. கொம்பாஸ் பெட்டியைக்கூடத் திறந்து பார்த்தேன். நீ ஒரு வார்த்தை பேசாமல் ஒவ்வொரு கொப்பியாக எடுத்து அடுக்கினாய். இரண்டு நாள் கழித்து அந்தக் காசு என் சேர்ட் பொக்கெட்டிலேயே இருந்தது. உனக்குச் சொல்லவில்லை. அம்மாவுக்கும் சொல்லவில்லை.

மிளகாய்த்தூள் பார்சல் கிடைத்ததா என்று ஒரு வரி போடு. பில்லை எறியாதே.

அப்பா