மூலத்துக்கு எந்த டாக்டர்?

ஆசிரியருக்கு,

மூல நோய் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உணவுமுறையை விரிவாகச் சொன்னது சரி. எந்த டாக்டரிடம் போவது என்பதை விட்டுவிட்டது. நம் பக்கத்து ஜனங்கள் தடுமாறுவதே அங்கேதான். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் 'மூலம், பௌத்திரம்' நோட்டீஸைப் பார்த்துப் போய்விடுகிறார்கள். வெளியே சொல்ல வெட்கம் வேறு. சேரன்மகாதேவியில் இருக்கும் என் அத்தான் அப்படித்தான் ஒன்றரை வருஷம் ஊசியும் பொடியுமாக ஓட்டினார். வேட்டியில் ரத்தக்கறையை அக்கா பார்த்த பிறகே ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தோம். பொது அறுவை சிகிச்சை டாக்டர் விரலால் சோதித்துவிட்டு, குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபியும் எழுதினார். மூலம் இல்லை, குடலில் கட்டி.

மூலம் என்று தோன்றினால் முதலில் பார்க்க வேண்டியவர் பொது அறுவை சிகிச்சை நிபுணர். அறுவை என்ற சொல்லுக்குப் பயப்பட வேண்டாம். ஆரம்ப நிலைக்கு நார்ச்சத்து, மருந்து, மிஞ்சினால் மூலம் சுருங்கி விழ அதன் அடியில் ரப்பர் வளையம் போடுவதே பெரும்பாலும் போதும். 40 வயதைத் தாண்டியவருக்கு ரத்தம் போனாலோ, மலம் கழிக்கும் பழக்கம் மாறினாலோ இரைப்பை குடல் நிபுணரும் பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் ஓ.பி. சீட்டு தரும் ஜன்னலருகே, ஆசனவாயில் ரத்தம் வந்தால் எந்த அறைக்குப் போவது என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை வைக்க வேண்டுகிறேன்.

- ஒரு வாசகர், பாளையங்கோட்டை