செல்லி முட்டையிட்டிருக்கிறாள்

அன்புள்ள சேகர்,

மீனாவுக்கு நாமக்கல் கால்நடைக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியைப் படித்ததும் ஹூஸ்டனில் எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். என் பாம்பைப் பற்றி அவள் விவரமாகக் கேட்டிருப்பதால் இந்தக் கடிதத்தில் பாதி அவளுக்குத்தான்.

செல்லி, அதாவது என் பால் பைத்தான் (ball python, பந்துபோல் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகை), ஏழு முட்டை இட்டிருக்கிறாள். சினையான பிறகு இரையைத் தொடவே இல்லை, அடிக்கடி வயிற்றை மேலே திருப்பிப் போட்டுப் படுத்திருந்தாள். முட்டையிட ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு முன்பு இந்தப் பாம்புகள் சட்டை உரிக்கும், அதை வைத்துத்தான் நாங்கள் நாள் கணக்குப் போடுவோம். முட்டைகளை ஈரமான வெர்மிகுலைட் (ஈரத்தைப் பிடித்துவைக்கும் கனிமத் துகள்) போட்ட பெட்டியில் வைத்து 31, 32 டிகிரி செல்சியஸ் சூட்டில் விட்டால் 55 முதல் 60 நாளில் பொரியும். கோழி முட்டை மாதிரி புரட்டிவிடக் கூடாது, உள்ளே கரு செத்துவிடலாம். அதனால் மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட முட்டைகளைப் பிய்க்கவும் கூடாது.

ஆனால் எல்லாரும் முட்டையைப் பற்றியே கேட்கிறார்கள், தாயைக் கேட்பாரில்லை, அதுதான் எனக்கு வருத்தம். மாதக்கணக்கில் பட்டினி கிடந்தவள், முதுகெலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது, பக்கத்துத் தோலெல்லாம் தொளதொளவென்று மடிந்து கிடக்கிறது. முட்டையை எடுத்த பிறகும் வாசனையை வைத்து வெறும் இடத்தையே சுற்றிக்கொண்டு கிடப்பாள், இரை வைத்தாலும் பார்க்க மாட்டாள். வெதுவெதுப்பான தண்ணீரில் அவளைக் கழுவி, பெட்டியில் இருப்பதையெல்லாம் மாற்றினால் மெதுவாகச் சாப்பிட ஆரம்பிப்பாள், முதலில் சின்ன எலியாகக் கொடுக்க வேண்டும். நிறம் நிறமாகக் குட்டி எடுத்து விற்கிறவர்கள் சிலர் வருடா வருடம் இணை சேர்க்கிறார்கள். எனக்கு அது கொடுமையாகப் படுகிறது. எடை 1500 கிராமுக்கு மேல் நிதானமாக ஏறி நிற்கும்வரை செல்லிக்கு ஓய்வுதான்.

அப்புறம், முட்டை வயிற்றிலேயே சிக்கிக்கொள்வது பற்றி மீனா கேட்டிருந்தாள். கார்ன் ஸ்னேக் (வீடுகளில் வளர்க்கிற ஒரு அமெரிக்கப் பாம்பு) வளர்ப்பவர்கள் ரொம்பப் பயப்படுவது இதற்குத்தான். சில முட்டை போட்டுவிட்டு வாலுக்கு முன்னால் ஒரு கட்டி அப்படியே நின்றுவிடும். கையால் அழுத்தித் தள்ளப் பார்த்தால் முட்டைக்குழாய் கிழிந்துவிடலாம். முட்டையை வெளியே தள்ளவைக்கப் போடுகிற ஆக்ஸிடோசின் ஹார்மோன் ஊசி ஆமைகளுக்குக் கேட்கிற அளவுக்குப் பாம்புகளுக்குக் கேட்பதில்லை, பல நேரம் ஊசியால் முட்டைக்குள் இருப்பதை உறிஞ்சிச் சுருக்குவார்கள், இல்லையென்றால் அறுவை சிகிச்சைதான்.

வீட்டில் வளர்க்க ஆசைப்படுகிறாள் என்று எழுதியிருந்தாய். நம் மலைப்பாம்பையோ சாரையையோ பிடித்து வைத்துக்கொள்ள 1972 வனவிலங்குச் சட்டம் இடம் தராது, அது நல்லதுதான். கிண்டி பாம்புப் பண்ணைக்குக் கூட்டிப்போ. நம் மலைப்பாம்புத் தாய் உடம்பைத் துடிக்கவைத்தே முட்டைக்குச் சூடேற்றும், செல்லி இனத்துக்கு அந்தத் திறமை கிடையாது, இதை அவளிடம் மறக்காமல் சொல். டிசம்பரில் ஊருக்கு வருகிறேன், மற்ற கேள்விகளை எழுதி வைக்கச் சொல்.

அன்புடன்,
ரவி