கழன்றது போல்ட் மட்டும் இல்லை: உங்கள் வாஷிங் மெஷின் பற்றிய மூன்றாவது புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இதே மெஷினுக்காக நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டுக்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்று ஒரு எஸ்எம்எஸ் வந்தது, அதோடு சரி. அதனால் இந்தத் தடவை கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், படிக்கப் பொறுமை இல்லையென்றால் பொறுமை உள்ள யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

மெஷின் 7 கிலோ ஃப்ரண்ட் லோடு, 1200 ஆர்பிஎம். வாங்கி 14 மாதம் ஆகிறது, வாரண்டி 2 வருஷம். நான் மில்லில் நெசவுப் பிரிவில் 27 வருஷம் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். பெருமைக்காகச் சொல்லவில்லை, உங்கள் ஆட்கள் என்னிடம் பேசிய விதத்தைப் புரிந்துகொள்ள இது தேவைப்படும்.

ஐந்தாவது மாதத்தில் ஸ்பின் ஓடும்போது உள்ளேயிருந்து டொக் டொக் என்று சத்தம் வர ஆரம்பித்தது. போன் செய்தால் முதல் கேள்வி, "சார், டிரான்சிட் போல்ட்டைக் கழற்றினீர்களா?" லாரியில் வரும்போது டிரம் ஆடாமல் பூட்டி வைக்கும் அந்தப் போல்ட்டுகளைக் கழற்றியது உங்கள் ஆள்தான், நான்கையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன், போட்டோவும் இணைத்திருக்கிறேன். பிறகு வந்த டெக்னீஷியன் மெஷினைத் திறக்கவே இல்லை. தரை சரியில்லை என்றார். நான் ரசமட்டம் எடுத்து வைத்துக் காட்டினேன், குமிழி நடுவில்தான் நின்றது. அப்படியும் 1,800 ரூபாய்க்கு ஒரு ஸ்டாண்டும் நான்கு ரப்பர் கட்டையும் விற்றுவிட்டுத்தான் போனார். சத்தம் நிற்கவில்லை, மெஷின் இப்போது கூடுதலாக நடக்கவும் ஆரம்பித்தது.

இரண்டாவதாக வந்தவர் நல்ல பையன், மேல் மூடியைத் திறந்தார். டிரம்முக்கு மேலே பாரத்துக்காகப் பூட்டியிருக்கும் கான்கிரீட் கட்டையின் மூன்று போல்ட்டும் விரலால் சுற்றும் அளவுக்கு லூஸ். எம்8 போல்ட், 13 ஸ்பேனர் போதும். அவர் கையில் இருந்தது வாயை அகட்டிக் குறுக்கும் ஸ்க்ரூ ஸ்பேனர். கட்டைக்கு அடியில் அரைபட்டுக் கிடந்த கான்கிரீட் தூளைத் துடைக்காமல் மூன்றிலும் ஒரு ஸ்பிரிங் வாஷர் (ஓரிடத்தில் வெட்டி முறுக்கிய வளையம்) போட்டு இறுக்கி, "இனிமே கழலாது சார்" என்று பத்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டார். அவர் போனதும் போல்ட் தலையிலிருந்து கட்டை வரைக்கும் சிவப்பு பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிட்டேன். மில் பழக்கம். போல்ட் திரும்பினால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடைசி ஸ்பின்னில் வீடே அதிர்ந்தது. கட்டை இரண்டாக உடைந்து, டிரம்மைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் தொட்டியான அவுட்டர் டப்பை விரிசல் விட வைத்து, தண்ணீர் ஹால் வரைக்கும் வந்துவிட்டது. "ஆயிரம் தறியைப் பார்த்தவருக்கு ஒரு துணி மெஷினைப் பார்க்க முடியவில்லை" என்று என் வீட்டுக்காரம்மா சொன்னதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கை உங்களிடம் கேட்கிறேன்.

உங்கள் பதில் என்ன? "இன்ஸ்டலேஷன் குறைபாடு, வாரண்டியில் வராது, 9,400 ரூபாய் ஆகும்."

இன்ஸ்டலேஷனா? அந்தக் கட்டையைப் பூட்டியது உங்கள் ஃபேக்டரி. உடைந்த பிறகு திறந்து பார்த்தபோது ஒரு போல்ட்டில் பெயின்ட் கோடு கால் சுற்று விலகியிருந்தது. ஒன்று மரையோடு பிய்ந்து வந்துவிட்டது. மூன்றாவதில்தான் விஷயமே இருக்கிறது: கோடு துளியும் விலகவில்லை, ஆனால் போல்ட் லூஸ். அதாவது போல்ட் திரும்பவே இல்லை, அது உட்கார்ந்திருந்த இடம் அமுங்கிவிட்டது. கான்கிரீட் ஓரம் பொடிந்து, அடியில் பிளாஸ்டிக்கும் நாளாக நாளாக அமுங்கினால் இறுக்கம் தானாகவே போய்விடும். அரை மில்லி அமுங்கினால்கூடப் போதும். இறுக்கிய போல்ட் என்பது கொஞ்சம் இழுத்து விட்ட ஸ்பிரிங் மாதிரி, அந்த இழுவைதான் இரண்டு பாகத்தையும் நகராமல் பிடிக்கிறது. இழுவை போனால் கட்டை பக்கவாட்டில் நழுவும். நழுவ ஆரம்பித்தால் மரையில் இருக்கும் உராய்வும் விட்டுப்போய், சரிவில் வைத்த பொருளைப் போல போல்ட் தானாகத் திரும்பி இறங்கும்.

இது நான் கண்டுபிடித்தது இல்லை. கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் எஞ்சினியர் 1969-லேயே சோதித்துக் காட்டியது. மேலும் கீழுமாக ஆட்டுவதைவிடப் பக்கவாட்டு ஆட்டம்தான் போல்ட்டை அதிகம் கழற்றும் என்றார். ஸ்பிரிங் வாஷரைப் பற்றி நாசா 1990-ல் போட்ட ஃபாஸ்டனர் (போல்ட், நட்டு வகைகள்) கையேட்டிலேயே இருக்கிறது: போல்ட் முழுசாக இறுகும்போது அது தட்டையாகி வெறும் வாஷர் ஆகிவிடும், பூட்டும் சக்தி அதில் இருக்காது. எங்கள் மில்லிலும் ரொம்ப வருஷம் ஸ்பிரிங் வாஷரை நம்பித்தான் இருந்தோம், அதனால் அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குச் சொல்லிக்கொடுக்காத உங்கள்மேல்தான்.

உள்ளே என்ன வேகம் என்பதை ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். 1200 ஆர்பிஎம் என்றால் வினாடிக்கு 20 சுற்று. டிரம்மின் ஆரம் சுமார் 24 சென்டிமீட்டர். துணி ஒரு பக்கமாக ஒதுங்கி 300 கிராம் வித்தியாசம் வந்தாலே ஏறக்குறைய 115 கிலோ எடை இழுக்கும் விசை வினாடிக்கு 20 தடவை திசை மாறி இழுக்கும். பத்து நிமிஷ ஸ்பின்னுக்கு 12,000 தடவை. அந்த ஆட்டத்தை அடக்கத்தான் கான்கிரீட்டே வைக்கிறீர்கள். அதைப் பிடிக்க மூன்று போல்ட், சின்ன வாஷர், அவ்வளவுதானா?

செய்திருக்க வேண்டியது பெரிய வித்தையும் இல்லை. கட்டையின் துளைக்குள் ஒரு இரும்பு புஷ் (குட்டைக் குழாய்) வைத்தால் இறுக்கம் கான்கிரீட்டை நொறுக்காமல் இரும்பு வழியாகப் போகும். தலைக்கு அடியில் அகலமான தடித்த வாஷர் வேண்டும். என் மெஷினில் டப்புக்குள் உலோக மரை பதித்திருக்கிறது, அதனால் எண்ணெய் பிசுக்கு போகத் துடைத்துவிட்டு மரையைப் பிடித்துக்கொள்ளும் பசையான நீல நிற திரெட் லாக்கர் இரண்டு சொட்டு விட்டு, ஒரு நாள் முழுக்க ஓட்டாமல் விட்டிருந்தால் போதும். (மரை பிளாஸ்டிக்கிலேயே போட்டிருந்தால் அதை விடக்கூடாது, அது உலோகத்தைத் தொட்டால்தான் ஒழுங்காக இறுகும், சில பிளாஸ்டிக்குகளை விரிசலும் விட வைக்கும்.) எத்தனை நியூட்டன் மீட்டர் இறுக்க வேண்டும் என்று உங்கள் ஆளிடம் கேட்டேன். "கைக்கு டைட்டா இருந்தா போதும் சார்" என்றார். தறிக்கே நாங்கள் அப்படிச் செய்ததில்லை.

சரி, எனக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அவுட்டர் டப், கான்கிரீட் கட்டை, போல்ட் செட் எல்லாவற்றையும் வாரண்டியில் இலவசமாக மாற்ற வேண்டும். தேவையே இல்லாமல் விற்ற ஸ்டாண்டுக்கான 1,800 ரூபாய் திரும்ப வேண்டும், ஸ்டாண்டை எடுத்துக்கொண்டு போகலாம். அப்புறம், இன்ஸ்டலேஷன் குறைபாடு என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்று எழுத்தில் கொடுங்கள், போனில் வேண்டாம்.

15 நாள் பார்ப்பேன். அதற்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்வேன், அதிலும் ஆகாவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரைக்குமான புகாருக்குக் கட்டணம் கிடையாது என்பது எனக்குத் தெரியும், ரிட்டயர் ஆனவனுக்கு நேரமும் நிறைய இருக்கிறது. உடைந்த கட்டையையும் பெயின்ட் கோடு போட்ட போல்ட்டுகளையும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் ஆட்கள் வந்து பார்க்கலாம், எடுத்துக்கொண்டு போக மட்டும் விடமாட்டேன்.

புதன்கிழமை தவிர எந்த நாளும் வரலாம். வருபவரிடம் ஒரு 13 ரிங் ஸ்பேனரும், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சும் கொடுத்து அனுப்புங்கள். ஸ்க்ரூ ஸ்பேனரோடு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
மூன்று மாதமாகக் கையால் துவைக்கும் உங்கள் வாடிக்கையாளர்